ஜாங்கிரிக்கு எந்த இன்சூரன்ஸ் எடுக்கறதுங்க டாக்டர்?

கேள்வி: டாக்டர், எங்க ஊரு கோயம்புத்தூருங்க, இப்ப ரெண்டு வருஷமா இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம், வீட்டுக்காரர் ஒர்க் விசால வந்தவர். பொண்ணு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தான்னு போன வாரம் ஒரு ரெஸ்க்யூ சென்டர்ல இருந்து ஆரஞ்சு கலர் ஆம்பளைப் பூனைக்குட்டி ஒன்னு எடுத்துட்டு வந்தோம். 9 வாரம் ஆகுது, பேர் ஜாங்கிரி. இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னாங்க, சென்டர்லயே 4 வாரத்துக்கு ஃப்ரீ கவரும் போட்டுக் குடுத்தாங்க. ஆன்லைன்ல பாத்தா மாசம் 5 பவுண்டுக்கும் இருக்கு, 25 பவுண்டுக்கும் இருக்கு, எது எதுக்குன்னு ஒன்னும் புரியல. வீட்டுக்காரர் இன்சூரன்ஸே வேண்டாம், மாசம் 20 பவுண்டு தனி அக்கவுன்ட்ல போட்டு வைப்போம்ங்கறார். இன்னொன்னு, சென்டர்ல இருந்தப்ப குட்டிக்கு கண்ல தண்ணி வடிஞ்சு தும்மிட்டு இருந்துச்சாம், சொட்டு மருந்து போட்டு சரியாயிடுச்சுன்னு பேப்பர்ல எழுதியிருக்கு. இன்சூரன்ஸ் ஃபார்ம்ல முன்னாடி ஏதாவது நோய் இருந்துச்சான்னு கேக்கறாங்க. இப்ப நல்லா தான இருக்கு, அதைச் சொல்லணுங்களா?

பதில்:

வணக்கம்மா. கடைசியா கேட்டீங்களே, அதுக்கே மொதல்ல பதில் சொல்லிடறேன். சொல்லணும். கண்ல தண்ணி வடிஞ்சது, தும்மினது, மருந்து போட்டது எல்லாத்தையும் பேப்பர்ல இருக்கற மாதிரியே சொல்லிடுங்க. ஃபார்ம்ல கேக்கற கேள்விக்கு கவனமா சரியான பதில் சொல்ற பொறுப்பு இன்சூரன்ஸ் எடுக்கறவங்களோடதுன்னு இங்க 2012ல சட்டமே போட்டிருக்காங்க, தெரிஞ்சே மறைச்சா பாலிசியே செல்லாதுன்னு சொல்லிடலாம். அதுவும் போக இதை மறைக்கவும் முடியாது, மொதல் தடவை பெருசா க்ளெய்ம் போடறப்ப குட்டி எந்தெந்த க்ளினிக்குக்கு போச்சோ அங்கெல்லாம் இருந்து முழு ஹிஸ்டரியும் கேட்டு வாங்கிப் படிப்பாங்க, ரெஸ்க்யூ சென்டர் வெட், அதாவது கால்நடை டாக்டர், போற போக்குல எழுதின ஒரு வரி கூட அதுல இருக்கும்.

சொன்னா பெரும்பாலும் ரேட் ஏறாது, அந்த நோயை மட்டும் கவர்ல இருந்து எடுத்துடுவாங்க. அதை எந்த வார்த்தையில எழுதி எடுக்கறாங்கங்கறது தான் இப்ப நீங்க பாக்க வேண்டியது. ஒரு கம்பெனி 'கேட் ஃப்ளூ'ன்னு, அதாவது பூனைக்கு வர்ற சளி நோய்னு மட்டும் எழுதும், இன்னொரு கம்பெனி 'ரெண்டு கண் சம்பந்தப்பட்ட எல்லாமும்'னு எழுதும். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க, நாளைக்கு தோட்டத்துல வேற பூனையோட சண்டை போட்டு கண்ல கீறல் வாங்கிட்டு வந்தா மொதல் பாலிசி குடுக்கும், ரெண்டாவது குடுக்காது. அதனால மூணு நாலு கம்பெனிக்கு போன் பண்ணி இந்த ஹிஸ்டரியைச் சொல்லி, எதை எடுத்துடுவீங்கன்னு கேட்டு, அதை ஈமெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் அறிகுறி எதுவும் இல்லாம இருந்தா மறுபடி பாத்து கவர்ல சேத்துப்பீங்களான்னும் கேளுங்க, சில கம்பெனி சேத்துப்பாங்க. ஆனா உங்க குட்டிக்கு வந்தது கேட் ஃப்ளூவை உண்டாக்கற ஹெர்பிஸ் வைரஸா இருந்தா அது உடம்பை விட்டு போகாது, உள்ள பதுங்கி இருந்துட்டு வீடு மாறினா, புதுசா இன்னொரு பூனை வந்தா, அப்பப்ப கண்ல தண்ணியா வெளிய வரும். அந்தச் செலவு சின்னது தான், அதை நீங்களே பாத்துக்கலாம், மத்த எல்லாம் கவர்ல இருந்தா போதும்.

எந்தக் கம்பெனின்னு பேர் சொல்லாம பேசறனேன்னு நினைக்காதீங்க. இந்த நாட்டுல இன்சூரன்ஸ் வித்துக் குடுக்கறதும் இதை எடுங்கன்னு ரெகமண்ட் பண்றதும் எஃப்.சி.ஏ.ங்கற நிதித்துறை கண்காணிப்பு அமைப்போட அனுமதி இருக்கறவங்க செய்யற வேலை, வெட்டுக்கு அந்த அனுமதி இல்லைன்னா பொதுவா தான் விளக்கணும். ஆனா எந்த மாதிரி பாலிசின்னு சொல்லலாம், 5 பவுண்டுக்கும் 25 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசமே அங்க தான் இருக்கு.

ரொம்ப கம்மியா இருக்கறது ஆக்சிடென்ட் மட்டும். கார் அடிச்சா, கீழ விழுந்தா குடுப்பான், காய்ச்சல் வந்தா குடுக்க மாட்டான். அதுக்கு அடுத்தது 12 மாசம் மட்டும் குடுக்கறது, ஒரு நோய் வந்த நாள்ல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் பில் குடுப்பாங்க, அதுக்கப்புறம் அந்த நோய்க்கு கதவை சாத்திடுவாங்க. மூணாவது ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தொகை ஒதுக்கறது, 3,000னா 3,000, தீர்ற வரைக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் எடுக்கலாம், தீந்துட்டா தீந்தது தான். நாலாவது லைஃப்டைம், வருஷா வருஷம் ரினியூ பண்ணப் பண்ண தொகை மறுபடி முழுசா நிரம்பும், அதே நோய்க்கு அடுத்த வருஷமும் குடுப்பாங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். ஜாங்கிரிக்கு 8 வயசுல சர்க்கரை வருதுன்னு வச்சுக்கோங்க, பூனைக்கும் சர்க்கரை வரும், அதுவும் குண்டான ஆம்பளைப் பூனைக்கு அதிகமாவே வரும். இன்சுலின், ஊசி, ரத்த டெஸ்ட்னு மாசம் 80 பவுண்டு ஆகுதுன்னா வருஷத்துக்கு 960. 12 மாச பாலிசியில அந்த மொதல் 960ஓட நின்னுடும், அதுக்கப்புறம் அது வாழற அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ உங்க கையில இருந்து தான். மூணாவது டைப்ல 3,000 தீர மூணு வருஷத்துக்கு மேல ஆகும், அப்புறம் அதுவும் அதே கதை. லைஃப்டைம்ல மட்டும் தான் கடைசி வரைக்கும் வரும். அந்த நேரத்துல வேற கம்பெனி போலாமேன்னா சர்க்கரை வந்த பூனைக்கு சர்க்கரையை பொதுவா எந்தக் கம்பெனியும் கவர் பண்ணாது.

அதனால குட்டிக்கு எடுக்கறதா இருந்தா லைஃப்டைம் தான்னு நான் வெளிப்படையாவே சொல்றேன். வயசான பூனையை எடுத்துட்டு வந்து கேக்கறவங்களுக்கு நான் வேற மாதிரி சொல்லுவேன், அவங்க பூனைக்கு ஏற்கனவே நாலு நோய் எழுதியிருக்கும், அதெல்லாம் கவர்ல வராது, பிரீமியமும் ஜாஸ்தி. உங்க குட்டிக்கு ஒரு கண் நோய் தவிர ரெக்கார்டே காலியா இருக்கு, இந்த மாதிரி ஒரு நேரம் அதோட ஆயுசுல திரும்ப வரப்போறது இல்ல, இப்ப எடுக்கற பாலிசி தான் அடுத்த 15 வருஷத்துக்கு.

லைஃப்டைம்னு பேர் போட்டிருந்தாலும் உள்ள ரெண்டு மாதிரி இருக்கு. ஒன்னுல வருஷத்துக்கு மொத்தமா ஒரு தொகை, எந்த நோய்க்கு வேணாலும் எடுத்துக்கலாம். இன்னொன்னுல ஒவ்வொரு நோய்க்கும் வருஷத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. எனக்கு மொத்தமா இருக்கறது தான் பிடிக்கும், ஏன்னா குட்டிங்களுக்கு ஒரே ஒரு விஷயம் பெருசா வரும், அப்ப முழுத் தொகையும் அதுக்கே வேணும். வருஷத்துக்கு 1,000 பவுண்டு லிமிட் போட்டும் லைஃப்டைம்னு விக்கறாங்க, அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க, ஒரு ராத்திரி எமர்ஜென்சிக்கே அது பத்தாம போயிடும். என்னைக் கேட்டா 4,000க்கு கீழ போகாதீங்க, முடிஞ்சா 7,000 வரைக்கும் பாருங்க, அதுக்கு மேல உங்க குட்டி மாதிரி சாதாரண நாட்டுப்பூனைக்கு தேவைப்படறது அபூர்வம். இதே மெயின் கூன், ராக்டால் மாதிரி இதய நோய் வர்ற ஜாதியா இருந்தா இன்னும் கூட சொல்லியிருப்பேன்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன். அவர் கணக்கு தப்பு இல்லம்மா, பூனை ஆரோக்கியமா 6 வயசு தாண்டிட்டா அந்த அக்கவுன்ட்ல நல்ல பணம் சேந்திருக்கும். பிரச்சனை என்னன்னா பணம் சேர்றதுக்கு முன்னாடியே நோய் வந்தா என்ன பண்றதுங்கறது தான். 8 மாசம் கழிச்சு அதுல 160 பவுண்டு இருக்கும். நான் பாத்த வரைக்கும் குட்டிங்களுக்கு வர்ற பெரிய பில்லெல்லாம் அந்த மொதல் ரெண்டு வருஷத்துல தான் வருது.

ஏன்னு சொல்றேன். எஃப்.ஐ.பி.ன்னு ஒரு நோய். பூனைங்களோட குடல்ல சாதாரணமா இருக்கற ஒரு கொரோனா வைரஸ், மனுஷங்களுக்கு வந்த கொரோனா வேற இது வேற, பெரும்பாலான பூனைங்களுக்கு லேசா வயித்தால போறதோட சரி. கொஞ்சப் பூனைங்களுக்கு மட்டும் அது உள்ளயே மாறி, வயித்துல நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு, விடாத காய்ச்சலோட குட்டி உருகிப் போயிடும். நிறைய பூனைங்க சேந்து இருக்கற இடத்துல இருந்து வர்ற குட்டிங்களுக்கு, அதுவும் 2 வயசுக்குள்ள தான் இது அதிகம். நான் வேப்பேரி காலேஜ்ல படிக்கறப்ப இந்த நோய்னு தெரிஞ்சா வீட்டுக்காரங்ககிட்ட உக்காந்து பேசி, குட்டி கஷ்டப்படாம போறதுக்கு வழி பண்றதைத் தவிர வேற ஒன்னும் இல்ல. இங்க வந்து பரீட்சை எழுதி வேலைக்கு சேந்த பிறகும் பல வருஷம் அதே நிலைமை தான், எத்தனை குட்டிங்களை அப்படி அனுப்பியிருக்கேன்னு நினைச்சா இன்னும் மனசு கனக்கும். 2021 ஆகஸ்ட்ல இருந்து தான் ரெம்டெசிவிர், ஜி.எஸ்.-441524ங்கற வைரஸ் மருந்து ரெண்டையும் இந்த நாட்டுல வெட்டுங்க சட்டப்படி எழுதிக் குடுக்க முடியுது, இப்ப மருந்து குடுத்த பூனைங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல பிழைக்குது. ஆனா வழக்கமான கோர்ஸ் 84 நாள், நடுவுல ஸ்கேன், திரும்பத் திரும்ப ரத்த டெஸ்ட், மொத்தமா சில ஆயிரம் பவுண்டு ஆகும். என்கிட்ட ஒரே மாசத்துல ரெண்டு குட்டி வந்துச்சு இந்த நோயோட. ஒன்னுக்கு நல்ல லிமிட் உள்ள பாலிசி இருந்துச்சு, அவங்க கேட்ட ஒரே கேள்வி மருந்தை எப்படி விழுங்க வைக்கறதுன்னு தான். இன்னொரு வீட்ல பாலிசி இல்ல, கிரெடிட் கார்டை எடுத்து வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துட்டு நின்னாங்க. கடன் வாங்கி பண்ணாங்க, குட்டியும் பிழைச்சிடுச்சு, ஆனா அந்த 84 நாளும் அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இது தவிர குட்டிங்க நூலு, ஹேர் பேண்ட், ரிப்பனை முழுங்கும், அது குடல்ல மாட்டி சுருட்டிக்கிட்டா ஆபரேஷன் தான். ஆம்பளைப் பூனைக்கு மூத்திரக் குழாய் ஒடுக்கமா இருக்கும், அடைச்சுக்கிட்டா ஒன்னு ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்து, ஒரு தடவை அடைச்சா மறுபடி அடைக்கவும் செய்யும். கார் அடிச்சு இடுப்பெலும்பு உடைஞ்சு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பினா 3,000, 4,000 எல்லாம் சாதாரணமா ஆயிடும். இங்க நாயை அடிச்சா டிரைவர் போலீஸ்ல சொல்லணும்னு 1988 சட்டத்துல இருக்கு, பூனையை அடிச்சா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அதனால அடிச்சவங்ககிட்ட கேக்கவும் வழி இருக்காது. நம்ம ஊர் மாதிரி கவர்மென்ட் கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடவும் இங்க முடியாது, மனுஷங்களுக்கு என்.எச்.எஸ்.ங்கற அரசு மருத்துவம் இருக்கு, பூனைக்கு அப்படி ஒன்னும் கிடையாது. பி.டி.எஸ்.ஏ. மாதிரி சாரிட்டி ஆஸ்பத்திரிங்க பெரும்பாலும் அரசு உதவித்தொகை வாங்கறவங்களுக்கு தான், ஒர்க் விசால இருக்கறவங்களுக்கு அந்த உதவித்தொகையே பொதுவா கிடைக்காதுங்கறதால அந்த வழியையும் நம்பாதீங்க.

அதுக்காக வீட்டுக்காரர் சொன்ன அக்கவுன்ட்டை விட்டுடாதீங்க, அதுவும் வேணும். தடுப்பூசி, பூச்சி மருந்து, தெள்ளு மருந்து, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் இதெல்லாம் எந்த பாலிசியிலயும் பொதுவா வராது. மாசம் 10 பவுண்டு அதுல போட்டு வாங்க, இதுக்கும் ஆகும், எக்ஸஸ் கட்டவும் ஆகும்.

எக்ஸஸ்னா க்ளெய்ம் வர்றப்ப மொதல்ல நீங்க கையில இருந்து கட்டற தொகை, 100 பவுண்டுன்னு வச்சுக்கோங்க. அது ஒரு நோய்க்கு வருஷத்துக்கு ஒரு தடவையா, இல்ல ஒவ்வொரு க்ளெய்முக்குமான்னு பாருங்க, ரெண்டாவதா இருந்தா அந்த பாலிசியே வேண்டாம். எக்ஸஸ் போக பில்லுல 20 சதவீதம் நீங்க கட்டணும்னு ஒன்னு இருக்கும், கோ-பேமென்ட்னு எழுதியிருப்பாங்க, நிறைய கம்பெனியில பூனைக்கு 8 வயசு 10 வயசு ஆனதும் அது தானா வந்து சேரும். எக்ஸஸ் கழிச்சு பில்லுல 3,000 இருந்தா அதுல 600 உங்களோடதுன்னு அர்த்தம். எந்த வயசுல ஆரம்பிக்குதுன்னு இப்பவே பாத்து வைங்க. மாச ரேட் கம்மியா காட்டறதுக்காக குட்டியில இருந்தே கோ-பேமென்ட் போட்டு விக்கற பாலிசியும் இருக்கு, ஆன்லைன்ல மொத வரிசையில வர்றது பல நேரம் அது தான்.

பிரீமியம் வருஷா வருஷம் ஏறும், அதை மறைக்காம சொல்லிடறேன். வீடு, கார் இன்சூரன்ஸ்ல பழைய கஸ்டமருக்கு புது கஸ்டமரை விட ஜாஸ்தி வாங்கக்கூடாதுன்னு 2022 ஜனவரியில எஃப்.சி.ஏ. கொண்டு வந்த ரூல் பெட் இன்சூரன்ஸுக்கு கிடையாது. அதனால இந்த வருஷம் கட்ட முடியுதாங்கறதை விட, இது ரெண்டு மடங்கு ஆனாலும் கட்ட முடியுமான்னு யோசிச்சு எடுங்க. 25 பவுண்டு பாலிசியை எடுத்துட்டு நாலு வருஷத்துல கட்ட முடியாம விடறதுக்கு, 15 பவுண்டுல ஒரு நடுத்தர லைஃப்டைம் எடுத்து விடாம கட்டறது எவ்வளவோ மேல்.

விட்டா என்ன ஆகும்னு ஒரு கேஸ் சொல்றேன். நாலு வயசுப் பூனை, நல்ல லைஃப்டைம் பாலிசி, வேற இடத்துல மாசம் 6 பவுண்டு கம்மின்னு ரினியூவல் அப்ப மாத்திட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மூத்திரம் அடைச்சுக்கிச்சு. புதுக் கம்பெனி ஹிஸ்டரியைப் பாத்தாங்க, ஒரு வருஷம் முன்னாடி தடுப்பூசிக்கு வந்தப்ப அந்தம்மா பேச்சுவாக்குல 'இவன் லிட்டர் ட்ரேல கொஞ்ச நேரம் உக்காந்தே இருக்கான்'னு சொல்லியிருக்காங்க, நான் அதைக் குறிச்சு வச்சிருக்கேன், டெஸ்ட்ல ஒன்னும் இல்ல. அந்த ஒரு வரியை வச்சு இது பழைய நோய்னு சொல்லி க்ளெய்மை தள்ளிட்டாங்க. பெயர் வச்ச நோயா இருக்கணும்னு அவசியம் இல்ல, அறிகுறி எழுதியிருந்தாலே போதும். பழைய பாலிசி இருந்திருந்தா ஒரு பேச்சும் இல்லாம வந்திருக்கும். அதுக்காக வெட்கிட்ட எதையும் சொல்லாம விட்டுடாதீங்க, சொன்னா தான் எங்களால கண்டுபிடிக்க முடியும், பாலிசியை மாத்தாம இருந்தா நீங்க சொன்னது எதுவும் உங்களுக்கு எதிரா திரும்பாது.

இதே காரணத்துக்காக அந்த 4 வார ஃப்ரீ கவரை சும்மா விட்டுடாதீங்க. அந்த 4 வாரத்துல குட்டிக்கு ஏதாவது வந்து, நீங்க வேற கம்பெனிக்கு போனா அது அங்க பழைய நோய். அதே கம்பெனியில பிரேக் இல்லாம தொடர்ந்தா பொதுவா கவர் ஆகும். அதனால மொதல்ல அந்த ஃப்ரீ குடுத்த கம்பெனியோட லைஃப்டைம் எப்படி இருக்குன்னு பாருங்க. நல்லா இல்லைன்னா வேற எடுங்க, ஆனா நாலாவது வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, புது பாலிசியில நோய்க்கு வழக்கமா 14 நாள் காத்திருப்பு இருக்கும், இந்த வாரமே எடுத்துட்டா அந்த 14 நாள் ஃப்ரீ கவர் ஓடறப்பவே கழிஞ்சிடும். ரெண்டு கவர் ஒரே நேரத்துல இருக்கலாமான்னு மட்டும் புதுக் கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. எடுத்த பிறகு பிடிக்கலைன்னா 14 நாளைக்குள்ள கேன்சல் பண்ண உரிமை இருக்கு.

பல் விஷயம் ஒன்னு இருக்கு. நிறைய பாலிசியில அடிபட்டு பல் உடைஞ்சா மட்டும் தான் குடுப்பாங்க, பல் நோய்க்கு குடுக்க மாட்டாங்க. பூனைங்களுக்கு பல் கரையற நோயும் ஈறு புண்ணும் சாதாரணமா வரும், எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டி வந்த பூனைங்களைக்கூட பாத்திருக்கேன், அதனால பல் நோயும் சேந்த பாலிசியா பாருங்க. அப்படி இருந்தாலும் வருஷம் ஒரு தடவை வெட்கிட்ட வாயைக் காட்டணும், தடுப்பூசி தவறக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கும். ஒரு வருஷம் ஊருக்கு போயிட்டு பூஸ்டரை விட்டுட்டு அப்புறம் க்ளெய்ம் போடறப்ப மாட்டிக்கறது நம்ம ஆளுங்ககிட்ட அடிக்கடி நடக்குது.

க்ளெய்ம் பணம் நேரா எங்க அக்கவுன்ட்டுக்கு வருமா, இல்ல நீங்க கட்டிட்டு திரும்ப வாங்கணுமான்னு உங்க பக்கத்து க்ளினிக்ல கேளுங்க, எல்லா க்ளினிக்கும் எல்லா கம்பெனிக்கும் அப்படி பண்றது இல்ல. ஒருவேளை க்ளெய்மை மறுத்துட்டாங்கன்னா அதோட விட்டுடாதீங்க, மொதல்ல கம்பெனியில கம்ப்ளெயின்ட் குடுங்க, 8 வாரத்துல சரியான பதில் வரலைன்னா, இல்ல வந்த பதில் நியாயமா இல்லைன்னா, இந்த மாதிரி புகாரை நடுநிலையா விசாரிக்கற ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், காசு கிடையாது. கம்பெனியோட கடைசி பதில் வந்து 6 மாசத்துக்குள்ள போகணும், அவ்வளவு தான்.

விசா முடிஞ்சு ஊருக்கே திரும்பிட்டா இந்த பாலிசி அங்க வராது, அதனால வேண்டாம்னும் நினைக்காதீங்க, நான் சொன்ன ஆபத்தெல்லாம் இங்க இருக்கப் போற இந்த வருஷங்கள்ல தான் அதிகம்.

அடையாளத்துக்கு தோலுக்கு அடியில வைக்கற மைக்ரோசிப்பை சென்டர்லயே போட்டிருப்பாங்க, இங்கிலாந்துல 2024 ஜூன் 10ல இருந்து 20 வாரத்துக்குள்ள பூனைக்கு சிப் கட்டாயம். ஆனா டேட்டாபேஸ்ல இன்னும் சென்டர் பேரு இருக்கலாம், உங்க பேரும் போன் நம்பரும் மாத்தியாச்சான்னு பாருங்க. வீட்ல லில்லி பூ வாங்கி வைக்காதீங்க, அந்த மகரந்தம் உடம்புல பட்டு அதை நக்கினாலே பூனைக்கு கிட்னி போயிடும், பாராசிட்டமால் மாத்திரையும் அது கண்ல படாம இருக்கட்டும், பாதி மாத்திரை கூட உயிருக்கு ஆபத்து.

ரெண்டாவது தடுப்பூசி 12 வார வாக்குல வரும். அன்னைக்கு போறப்ப ரெஸ்க்யூ சென்டர் ஹிஸ்டரி உங்க க்ளினிக்குக்கு வந்துடுச்சான்னு கேட்டு ஒரு காப்பி வாங்கிப் படிங்க, கண்ல தண்ணி வந்தது எத்தனை நாள், எந்தக் கண்ணு, என்னைக்கு சரியாச்சுன்னு தேதி சரியா இருக்கான்னு பாருங்க, தப்பா இருந்தா அப்பவே சொல்லி திருத்திக்கோங்க.